டீசல் குடிக்காத டாங்கிகள்

ராணுவ அதிகாரிகள் கம்ப்யூட்டரில் போர் நடத்திப் பழகும் முகாம் அது. பிரிகேடியர் வீரசிகாமணிக்கு டாங்கி என்றால் உயிர்; அவற்றுக்கு டீசல் கொண்டுபோகும் லாரி என்றால் இளக்காரம். லாரியே அனுப்பவில்லை. திரையில் அவருடைய டாங்கிகள் டீசல் தீர்ந்து நடுவழியில் நின்றுவிட்டன.

"மெஷின் கோளாறுய்யா! மார்க் போட ஜெனரல் வர்றதுக்குள்ள டீசல் இல்லாமலே ஓட வை!"

கம்ப்யூட்டரை இயக்கிய ஹவில்தார் பூமிநாதன் தயங்கினார். "அப்படி மாத்தினா எதிரி டாங்கியும் ஓடும் சார்."

"எதிரியைப் பத்தி நான் கவலைப்பட்டுக்கிறேன். இது உத்தரவு!"

மாற்றினார். ஜெனரல் நுழைந்தபோது, அதுவரை டீசலின்றி முடங்கிக் கிடந்த எதிரி டாங்கிகள் திரையில் பிரிகேடியரின் கூடாரத்தையே வளைத்திருந்தன.

"டீசலே இல்லாம இதெல்லாம் எதுலய்யா ஓடுது?" என்றார் ஜெனரல்.

பூமிநாதன் விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"பிரிகேடியர் சார் உத்தரவுல ஓடுது, சார்!"