நடை சாத்திய சர்வர்

ஆலமுண்டு அமரரைக் காத்த நீலகண்டன் திருவடி நம்மைக் காக்க.

ஒரு சிவன் கோயிலின் அறக்கட்டளை இலவச மருத்துவமனை ஒன்றை நடத்தியது. நோயாளிகளின் மின்னஞ்சல்களெல்லாம் அறக்கட்டளையின் சொந்த லினக்ஸ் சர்வருக்கே வரும். அதைப் பராமரித்தவள் சௌந்தரநாயகி. ஒருநாள் அதன் ஹார்ட் டிஸ்க் பழுதாகத் தொடங்கியது. மாற்ற வேண்டுமானால் சர்வரைச் சற்று நேரம் நிறுத்தியாக வேண்டும்.

தலைவர் வைத்தியலிங்கம் மேசையைத் தட்டினார். "டிஸ்க்கையும் மாற்று, சர்வரும் நிற்கக் கூடாது. ஒரு மெயில் தொலைந்தாலும் உனக்கு இங்கே வேலை இல்லை!"

"ஆகட்டும் ஐயா. நேற்று உச்சிக்காலப் பூசை முடிந்தபின் கோயிலுக்கு வந்தீர்களே, தரிசனம் ஆயிற்றா?"

"எங்கே? நடை சாத்திவிட்டார்கள். மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தேன்."

"தலைவராயிற்றே! சாத்தக் கூடாதென்று குருக்களிடம் சொல்லியிருக்கலாமே?"

"அபசாரம்! சுவாமிக்கு ஓய்வு வேண்டாமா?"

"கோபித்துக்கொண்டு வீட்டுக்காவது போயிருக்கலாம்."

"தரிசிக்காமல் எப்படிப் போவது? திறந்தார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"மெயிலும் அப்படித்தான் ஐயா. நம் சர்வர் மூடியிருந்தால், அனுப்பிய சர்வர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்து பார்க்கும். உங்களைப் போலவே பொறுமைசாலி!"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். தலைவரும் சிரித்தபடி, "சரி, சர்வரை நிறுத்து" என்றார்.

டிஸ்க் மாறியது, சர்வர் எழுந்தது. காத்திருந்த மின்னஞ்சல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஒன்றில், தன் மகனுக்கு எப்போது அறுவை சிகிச்சை என்று ஒரு தாய் கேட்டிருந்தாள். அதைப் படித்த தலைவரின் கண் கலங்கியது.

"காப்பாற்றினாயம்மா!" என்று முதலில் சௌந்தரநாயகியைக் கும்பிட்டார், பிறகுதான் கோபுரத்தை.

இக்கதை கேட்டார் எல்லாரும் பிணி நீங்கி, மனம் நிறைந்து வாழ அவனருள் துணை நிற்பதாக.