உலராத வேட்டி

திருநீர்க்கரை ஈசனுக்குக் குளத்துத் தண்ணீர் சுமந்தவர் ஐயாறனார். நாளைக்கு நாற்பது குடம். ஒவ்வொரு குடத்துக்கும் முன்னால் ஒரு முழுக்கு. வேட்டியைப் பிழியாமல் சொட்டச் சொட்டத்தான் சன்னதிக்கு வருவார். "மடின்னா ஐயாறர் மடி" என்று அந்த ஆசாரத்தை ஊரே கையெடுத்துக் கும்பிட்டது.

உண்மை ஈசனுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். சிறுநீரை அடக்கும் வலு இல்லாமலே பிறந்தவர் அவர். எப்போதும் கசிந்துகொண்டேயிருக்கும். அந்த ஈரத்தை மறைக்கத்தான் குளத்து ஈரம். தொடைப் புண் ஆறிய நாளில்லை. தமக்கென்றே காத்திருந்த அத்தை மகளிடம், துறவில் நாட்டம் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டுக் குளத்துக்குள் நின்று அழுதார். பாவம், அழுவதற்கும் தண்ணீர்தான் இடம் கொடுத்தது.

கடைசியில் மரியாதையே வினையாயிற்று. மார்கழித் திருவாதிரையன்று கோயில் மணியக்காரர் அவருக்கு ஒரு பட்டு வேட்டியைக் கொடுத்து, உடுத்திக்கொண்டு சபையில் வந்து நிற்கச் சொன்னார். "வேண்டாமுங்க" என்று ஐயாறனார் கெஞ்சியதை அடக்கம் என்று எண்ணிவிட்டார்கள். ஓதுவார் பாடி முடிப்பதற்குள் உலர்ந்த பட்டில் ஈரம் படர்ந்தது. நாற்றம் எழுந்தது.

"அடச்சீ! இத்தனை வருஷமா இந்த மூத்திரத்தோடயா சாமிக்குத் தண்ணி எடுத்தே?" என்று கத்தினார் மணியக்காரர்.

"பொறந்ததுலேர்ந்து இப்படித்தாங்க. முழுகாம ஒரு கொடம் எடுத்ததில்லீங்க."

யார் கேட்டார்கள்? குடத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளினார்கள். கும்பிட்ட கைகளே கல் எடுத்தன. அபிஷேகத் தண்ணீர் மதிலைத் தாண்டி வந்து விழும் இடத்தில் ஐயாறனார் காய்ச்சலோடு கிடந்தார். "நான் வர முடியல. நீயே வந்துட்டே" என்று அதை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார்.

மறுநாள் காலை குருக்கள் நடை திறந்தபோது ஈசன்மேல் சாத்திய பட்டு நனைந்திருந்தது. மாற்றினார், அதுவும் நனைந்தது. மழையில்லை, கூரை ஒழுகவில்லை. மூன்றாவது பட்டும் நனையவே, அவர் ஈசனைக் காட்டி மணியக்காரரைக் கேட்டார்: "ஈரம் தீட்டுன்னா, மொதல்ல இவரையில்ல வெளியில அனுப்பணும்?"

மணியக்காரர் குடத்தைத் தாமே சுமந்துபோய் ஐயாறனார் காலடியில் வைத்தார். ஐயாறனார் தள்ளாடி எழுந்து ஒரே ஒரு முழுக்குப் போட்டார். மறைப்பதற்கு அல்ல, கும்பிடுவதற்கு. கசிந்தபடியே நடுவாசல் வழியாக வந்து ஊற்றினார். அதன்பின் சாத்திய பட்டு நனையவில்லை.

பங்குனி வரைதான் இருந்தார். புண்ணும் காய்ச்சலும் விடவில்லை. வேட்டி கடைசிவரை உலரவும் இல்லை. தம் ஈரத்தை ஈசன் மேனியில் கண்டவர் ஐயாறனார். அவர் நடந்த ஈரத் தடத்துக்கு அடியேன் தலை தாழும்.