வலது கையில் பட்டை கட்டவும்

டாக்டர் நெல்சனுக்கு அந்தத் தாள்மேல் அப்படியொரு பிரியம். மருத்துவக் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் ரத்த அழுத்தம் பார்க்கும் செய்முறைத் தேர்வுக்காக அவரே தயாரித்தது. இருபது படிகள், படிக்கு ஒரு மார்க். வணக்கம் சொன்னால் ஒன்று, கை கழுவினால் ஒன்று, வலது கையில் பட்டை கட்டினால் ஒன்று. ஐந்து நிமிஷத்தில் மணி அடிக்கும். இதில் ஓரவஞ்சனைக்கே இடமில்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாசம் மண்டையை உடைத்துச் செய்தவர், சொல்லமாட்டாரா பின்னே.

அந்தத் தாள்தான் மாணவி இசக்கிப்ரியாவைக் கவிழ்த்துவிட்டது.

நோயாளியாக நடிக்க உட்கார்ந்திருந்தவர் அட்டெண்டர் வேலாயுதம். பட்டையை எடுத்த அந்தப் பெண், எந்தக் கையில் கட்டட்டும் அண்ணே, அடிகிடி பட்டிருக்கா, ஆபரேஷன் ஏதும் உண்டா என்று விசாரித்திருக்கிறாள். காலையிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. மனுஷன் வண்டியிலிருந்து விழுந்து தோள் நகர்ந்த கதையை ஆரம்பித்துவிட்டார். இவளும் குறுக்கே பேசாமல் கேட்டாள். மணி அடித்துவிட்டது. இருபதுக்கு ஆறு.

இதில் தவறினால் வருஷக் கடைசிப் பரீட்சையில் உட்கார முடியாது. கூடப் படிக்கிறவர்கள் மேலே போக, அவள் மட்டும் பின்தங்கிவிடுவாள்.

மறுநாள் மார்க்கை அனுப்பியாக வேண்டும். அன்று சாயங்காலம் நெல்சன் தனக்குப் பாடம் சொன்ன ஷரிபா மேடத்தைத் தேடிப் போனார். மேடம் ஓய்வுபெற்று வீட்டோடு இருந்தார். நெல்சனுக்கு நாற்பத்தைந்து வயசு. அந்த வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் இன்னும் மாணவன்தான்.

எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். இரக்கப்பட்டு மார்க் போட்டால் மற்றப் பிள்ளைகளுக்குத் துரோகம், போடாவிட்டால் இவள் பாவம், என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

மேடம் பிரஷர் பார்க்கும் கருவி பையில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருந்தது.

"அந்தத் தாள்ல உள்ளபடி எனக்குப் பாரு" என்று வலது கையை நீட்டினார்.

நெல்சன் வணக்கம் சொன்னார். கை கழுவிவிட்டு வந்தார். தாளில் ஒரு கண் வைத்தபடியே பட்டையைப் பிசகில்லாமல் கட்டி, காற்றடிக்கும் ரப்பர் குமிழைப் பிடித்தார். மேடத்தின் இடது கை வந்து அவர் விரல்களை மெல்ல மூடிக்கொண்டது.

"இது எந்தக் கை, நெல்சன்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேடத்துக்கு வலது மார்பில் புற்றுநோய். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அந்தக் கையை இறுக்கிக் கட்டினால் வீங்கிவிடும், கட்டவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அன்று பகல் முழுக்க உட்கார்ந்து அழுதவரே நெல்சன்தான்.

அவசரமாகப் பட்டையை அவிழ்த்தார். மன்னிப்புக் கேட்கப் போனவருக்கு வெட்கத்தில் கண் கலங்கிவிட்டது. போகட்டும் விடு, இன்னும் காத்தடிக்கலையே என்று மேடம் முதுகைத் தட்டிக்கொடுத்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்து முடித்த நெல்சன் பேனாவை எடுத்தார்.

"எந்தக் கைன்னு கேக்கணும். இதை இருபத்தொண்ணாவதா எழுதிடறேன் மேடம்."

"எழுது. அடுத்த தடவை எல்லாப் பிள்ளைகளும் கேக்கும். பதிலுக்கு எத்தனை பேர் காத்திருப்பாங்க?"

பேனா தாளில் படவில்லை. நெல்சன் அதை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

"அப்போ அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு போடட்டும்?"

மேடம் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டார்.

"மார்க் உன் பாடு, நெல்சன். எனக்கு வாராவாரம் பிரஷர் பாக்க ஒரு ஆள் வேணும். அந்தப் பிள்ளைக்கு வர முடியுமான்னு கேட்டுச் சொல்லு."