குறையில்லாத மடக்கு சைக்கிள்

ஈரோட்டு மில் முதலாளி செங்கோடப்பன் அதட்டினால் ஓடுகிற தறியும் ஒரு நிமிஷம் நின்று கேட்கும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர், காலை வேளையில் வாய்க்கால் கரையோரம் ஜாலியாகச் சுற்றிவர ஒரு மடக்கு பேட்டரி சைக்கிள் வேண்டுமென்று கடைக்கு வந்து உட்கார்ந்தார். "இவர் வெறுங்கையோடு போனா, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்று விற்பனைப் பெண் கோகிலவாணியின் காதில் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

அவள் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். ஒன்று கனமாம். ஒன்று தக்கையாம். இன்னொன்றின் மணிச்சத்தத்தில் மரியாதையே இல்லையாம்.

"குறையே இல்லாத சைக்கிளா ஒண்ணு எடு அம்மிணி! இல்லேன்னா உங்க முதலாளியைக் கடையைச் சாத்தச் சொல்லு."

மனுஷன் இத்தனை குறை சொன்னாரே தவிர, ஒரு ஹேண்டில்பாரைக்கூடத் தொடவில்லை. கோகிலவாணி அதைக் கவனித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"இருக்குதுங்க ஐயா," என்று கடைசி சைக்கிளை விரித்தாள். "தெருக்கோடி வரைக்கும் ஓட்டிட்டு வந்து இதுல ஒரு குறை சொல்லுங்க. நானே வேலையை விட்டு நின்னுக்கறேன்."

செங்கோடப்பனுக்கு நெற்றி வேர்த்துவிட்டது. "வேட்டி... சக்கரத்துல மாட்டிக்கும்."

அவள் சிரிக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினாள். "மடக்கினா உங்க கார் டிக்கியில அடங்கிருமுங்க, யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை எங்க குடோன் வாசல்ல ஈ காக்கா இருக்காது. சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நான் பின்னாடியே ஓடி வர்றேனுங்க."

செங்கோடப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். "பில்லைப் போடுங்கப்பா!" என்று கடையே அதிரச் சொன்னார். பிறகு அவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்:

"நடுவுல கையை விட்டுட மாட்டியே, அம்மிணி?"