வைரக்கண்ணு செய்த கப்போர்டு

"அம்மா, பாசம் வச்சதுக்கு இதுதான் பலனா?" என்று கேட்டுக்கொண்டே மடத்துக்குள் வந்தார் வைரக்கண்ணு.

மடத்துத் துறவி குருவம்மா அவரைவிட இருபது வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உட்காருங்கய்யா. என்ன ஆச்சு?"

"கிச்சன் கப்போர்டை ரெடிமேடா வாங்கியிருந்தா ரெண்டு நாள்ல மாட்டிட்டுப் போயிருப்பான். எனக்கு மனசு வரல. என் பெண்டாட்டி புழங்குற இடம், நானே செய்வேன்னு ஒன்றரை வருஷம் இழைச்சேன். நகமெல்லாம் பேந்துபோச்சு. ஆனா ஒரு கதவு சத்தம் போடாது, பாருங்க!"

அந்தக் கதவுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனுஷருக்கு நேரம் போவதே தெரியாது. பரம்பரைத் தச்சர்கூட அவ்வளவு அலட்டிக்கொள்ள மாட்டார்.

"உங்க வீட்டம்மா தையல்நாயகி எப்படி இருக்காங்க?" என்றார் குருவம்மா.

வைரக்கண்ணுவின் குரல் இறங்கியது.

"அதே அடுப்படியில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. மக வீட்டுல படுத்துக் கிடக்கா. இனிமே நம்ம வீட்டுக்கு வரவே மாட்டாளாம். நாப்பது வருஷம் கூட இருந்தவ, அம்மா. அவ இல்லாம வீட்டுல இருக்க முடியல. நான் என்ன குறை வச்சேன்?"

குருவம்மா எழுந்துபோய் அடுப்பிலிருந்து ஆறிய கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

"கையைத் தூக்கினா அவங்களுக்கு எதுவரைக்கும் எட்டும்? சுவத்துல ஒரு கோடு போடுங்க."

"இதென்ன பெரிய விஷயம்?"

கையை உயர்த்திக் கோடு போட்டார்.

"அது உங்களுக்கு எட்டுற இடம்."

ஒரு சாண் கீழே இன்னொன்று போட்டார். தள்ளி நின்று பார்த்தார். அழித்தார். அதற்கும் கீழே போட்டார். அதையும் அழித்தார். போன வாரம்தான் வெள்ளையடித்த சுவர். குருவம்மா மறுபடி கீரை ஆய உட்கார்ந்தார்.

"தெரியலையே, அம்மா. ஒரு மில்லிமீட்டர் பிசகாம எல்லாத்தையும் அளந்தேனே!"

"அவங்க எதுவும் சொல்லலையா?"

"சொன்னா. மேல்தட்டு எட்டலைங்க, கொஞ்சம் இறக்கி மாட்டுங்கன்னு ரெண்டு மூணு தடவை சொன்னா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

வைரக்கண்ணு சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயது ஆள், விசும்பி விசும்பி அழுதார்.

"நல்ல தேக்குல ஒரு ஸ்டூல் செஞ்சு கொடுத்தேன், அம்மா. அதுலேர்ந்துதான் விழுந்தா."