படங்களைத் தின்றவர்கள்

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்த கோமதிநாயகம் தலை நரைத்த பிறகுதான் ஆராய்ச்சி மாணவரானார். குளத்துத் தண்ணீரில் வாழும் பாரமீசியம் போன்ற ஒற்றைச் செல் உயிர்களை எடுத்துக்கொண்டார். வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியை மெஹருன்னிசா அவருடைய கடைசித் தங்கையைவிடச் சின்னவர். மற்ற மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர், இவரை மட்டும் அண்ணாச்சி என்பார். இவர் அவரை மேடம் என்பார்.

எல்லோரும் மைக்ராஸ்கோப்பில் கேமராவை மாட்டிப் படம் எடுக்க, கோமதிநாயகம் கையால் வரைந்தார். கறுப்பு இங்க், மெல்லிய நிப். அந்த உயிர்களின் ஒவ்வொரு ரோமத்தையும் தனித்தனிக் கோடாக இழுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து நெல்லைக்கு வந்து, இருட்டும்வரை வரைவார். நாலு வருஷப் படங்கள் ஆய்வகத்துச் சுவர் அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தன.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்த சனிக்கிழமை காலையில் அலமாரியைத் திறந்தார். கட்டுகள் வைத்தபடியே இருந்தன. தொட்டதும் மண்ணாக உதிர்ந்தன.

கீழே போய் மண்ணெண்ணெய் கேனோடு திரும்பி வந்தார். அதற்குள் மெஹருன்னிசா வந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"கரையான் மேடம். ஒரு தாள் பாக்கியில்லை."

"ஸ்லைடெல்லாம்?"

"கண்ணாடியைக் கரையான் தொடலை. ஆனா இன்னொரு தடவை வரைய என்கிட்டத் தெம்பு இல்லை. இத்தோட நிறுத்திக்கிடுதேன்."

மெஹருன்னிசா உதிர்ந்த மண்ணைத் தூரிகையால் விலக்கி, நாலைந்து கரையான்களைத் தட்டில் தள்ளினார்.

"மண்ணெண்ணெயை ஓரமா வைங்க. ஸ்லைடுல ஒரு சொட்டு உப்புத்தண்ணி விடுங்க."

கோமதிநாயகத்துக்கு மனசில்லை. பழகிய கை தானாகவே ஸ்லைடைத் துடைத்தது.

மெஹருன்னிசா ஊசி முனையால் ஒரு கரையானின் வாலைப் பிடித்து இழுத்தார். நூல் மாதிரி குடல் வந்தது. அதை அந்தச் சொட்டில் கிழித்து விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்தார். எழுந்து ஸ்டூலைக் காலி செய்தார்.

"பாருங்க."

"எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கலை மேடம்."

"சீக்கிரம். குடலுக்குள்ள இருக்கிறவங்க காத்து பட்டா ரொம்ப நேரம் தாங்க மாட்டாங்க."

குனிந்தார்.

குளத்துத் தண்ணீரில் ஒன்று கண்ணில் பட அரை மணி நேரம்கூடக் காத்திருந்திருக்கிறார். இங்கே ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் நிற்கிற மாதிரி நெருக்கடி. உடம்பெல்லாம் முடி முளைத்த உருவங்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தன.

"என்ன தெரியுது?"

"கூட்டம். முடியெல்லாம் திருகு திருகா, உச்சியிலேர்ந்து சுத்தி இறங்குது. புஸ்தகத்துல இருக்கிற படம் ஒண்ணும் சரியில்லை மேடம்."

"அதுங்க வயித்துக்குள்ள?"

"நாரு. தாளு நாரு." மெல்லக் குவியக் குமிழைத் திருகினார். "பொடிப்பொடியா கறுப்பாவும் இருக்கு. இது என்ன?"

"உங்க மை."

கோமதிநாயகம் தலையை எடுக்கவில்லை. தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து மெஹருன்னிசா ஓரடி முன்னால் வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் பாரமீசியத்தைத் தின்னுட்டு இந்தப் பய என்ன சொகுசா சுத்துதான் பாருங்க."

சிரிப்பு அடங்கியதும் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

"மேடம், ஒரு தாள் குடுங்க."

ஆய்வகத்தில் தாள் மிச்சமில்லை. மெஹருன்னிசா தான் கொண்டுவந்திருந்த இனிப்புப் பெட்டியின் மூடியைக் கிழித்துக் கொடுத்தார். கோமதிநாயகம் சட்டைப்பையிலிருந்த பால்பேனாவால் வரையத் தொடங்கினார். பாதியில் உள்ளே ஆட்டம் தளர்ந்தது.

"நின்னுட்டான் மேடம்."

"தட்டுல இன்னும் இருக்கு."

அடுத்த கரையானை அவரே எடுத்தார். அதற்கடுத்ததையும். மூடி நிறைந்தது. பெட்டியின் அடிப்பக்கத்தைக் கிழித்தார். ஒருமுறை காலில் கேன் இடித்தது. "நாளைக்கு ஊத்திக்கிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லி, அதை மேஜைக்கடியில் தள்ளிவிட்டார்.

உச்சிப்பொழுது தாண்டிய பிறகுதான் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. முகம் தெளிவாக இருந்தது.

"ஒரு சந்தேகம் மேடம்."

"சொல்லுங்க."

"தாளைச் செரிக்க வைக்கிறது இவன். இவன் இல்லாட்டி கரையான் தின்னுதின்னே பட்டினியில செத்துரும். கரையான் வயித்தை விட்டு வெளியே வந்தா இவன் செத்துருதான். அப்படின்னா என் படத்தையெல்லாம் தின்னது யாரு? கரையானா, இவனா?"

மெஹருன்னிசா சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். பக்கத்து அறையில் டிபன் கேரியரைத் திறந்து இரண்டு தட்டுகளில் சோற்றைப் பகிர்ந்தார். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க குடல்லயும் ஒரு ஊரே குடியிருக்கு அண்ணாச்சி. முதல்ல உட்காருங்க. சாப்பிட்டது யாருன்னு சாப்பிட்டு முடிச்சிட்டுக் கேட்டுக்கலாம்."