விரால் எண்ணெய் தேய்ப்பதை விட்ட கதை

அந்தக் காலத்தில், மீனும் மனிதனும் குளத்துப் படியில் அருகருகே உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்ட நாளில், விராலின் உடம்பு பனங்கொட்டை போல உலர்ந்து சொரசொரப்பாக இருந்தது. செக்காட்டும் மருதையன் தலைமுழுக வரும்போதெல்லாம் உள்ளங்கை எண்ணெயில் பாதியை அதன் முதுகில் தடவுவான்.

"அழுத்தித் தேய் பங்காளி. போன வாட்டி வாலை விட்டுட்டே."

"வாலை உன் பொண்டாட்டி தேய்க்கட்டும்."

அந்தக் கையின் சூடு விராலுக்குப் பிடிக்கும். குளத்தில் அப்படியொரு சூடு கிடையாது.

அந்த மழைக்காலத்தில் விராலுக்குக் குஞ்சுகள் பிறந்தன. நெருப்புக் கங்கு நிறத்தில் ஒரு கூட்டம். மூச்சுவிட மேலே வந்து, வாய் திறந்து, கீழே போகும். விரால் தேய்த்த எண்ணெயோடு அவற்றின் நடுவே போனது. எண்ணெய் பிரிந்து நீரின் மேல் படலமாகப் பரவியது. மேலே வந்த குஞ்சுகள் அதை விழுங்கி மல்லாந்தன.

"உங்க மினுமினுப்பைத் தின்னுட்டுப் பிள்ளைங்க மூச்சு விடுமா?" என்றது பெண் விரால்.

விரால் கல்லில் உரசியது, சேற்றில் புரண்டது. எண்ணெய் போகவில்லை.

"என்னைக் கழுவி விடேன்" என்று தண்ணீரைக் கெஞ்சியது.

"உன் மேல எனக்கு ஏது இடம்? பட்டதும் உருண்டு ஓடிடறேன்" என்றது தண்ணீர். "தோலை எனக்குக் கொடு. ஒட்டிக்கிறேன். அப்புறம் எண்ணெய்க்கு அங்கே இடமில்லை. எந்தக் கைக்கும் இல்லை. யோசிச்சுக்கோ."

மினுமினுப்பை விட்டுவிடலாம். அந்தக் கையை? இத்தனை நாள் கரையேறியது எண்ணெய்க்காகவா, கைக்காகவா என்று விரால் தன்னையே கேட்டுக்கொண்டது. விடை தெரிவதற்குள் இன்னொரு குஞ்சு மல்லாந்தது.

"எடுத்துக்கோ."

தண்ணீர் மெல்லிய கோழையாக அதன் உடம்பெங்கும் படிந்தது. எண்ணெய் துளித்துளியாகக் கழன்றது. காற்று அதைக் கரையோரம் ஒதுக்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் புரண்டு நீந்தின.

அடுத்த முறை மருதையன் எண்ணெய் வைத்தான். அது முத்து முத்தாக உருண்டு விழுந்தது. கை வழுக்கியது. மறுபடி பிடித்தான், மறுபடி வழுக்கியது.

"என்ன பங்காளி, கோபமா?"

"இல்ல. பிள்ளைங்க இருக்கு."

மருதையன் நீருக்குள் அசைந்த சிவப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மிச்ச எண்ணெயைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, குளத்தில் இறங்காமல் கிணற்றடிக்குப் போனான்.

அன்று முதல்தான் விரால் மேல் எண்ணெய் ஒட்டுவதில்லை. எந்தக் கையிலும் நிற்காமல் நழுவும் அது, தன் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில் மட்டும் அசையாமல் நிற்கிறது.